வலது காதில் வைத்துப் பேசலாம்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த தையல் ஆறிவிட்டதா? நான் சுகம்.

நான் போன் செய்தால் கதிர்வீச்சு பட்டு உங்கள் கருவி நின்றுவிடும் என்று தம்பி ரிஸ்வான் உங்களிடம் கொடுக்க மறுக்கிறான். வாஷிங் மெஷின் கேட்டு அவன் அனுப்பும் செய்திக்கு மட்டும் கதிர்வீச்சு கிடையாது போலும்.

எங்கள் ரொட்டிக் கடை முதலாளிக்கும் போன மாதம் அதே கருவி வைத்தார்கள். ஆஸ்பத்திரித் தாதி டோரதி என் முன்னால்தான் சொன்னார்: "போனைச் சட்டைப் பையில வைக்காதீங்க அண்ணே. கருவி இடது பக்கம், அதனால வலது காதுல வெச்சுப் பேசுங்க. ஒண்ணும் ஆகாது லா."

உங்களுக்கும் இடது பக்கம்தானே.

முதலாளிக்குப் பயம் போகவில்லை. தன் போனை என் சட்டைப் பையில் போட்டுவிட்டார். ரொட்டி வீசும்போதெல்லாம் அடிக்கிறது. எடுத்தால் அவர் மகள், "வாப்பா சாப்பிட்டாங்களா?" என்கிறாள். என் போன் அடிப்பதில்லை.

ஊரிலிருந்து வருபவரிடம் உங்கள் பழைய கைலி ஒன்று கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கடையில் கூட்டம் வந்துவிட்டது.

உங்கள் மூத்த மகன்
நிஸ்தார்

ரிஸ்வான், அத்தாவுக்குக் கண் மங்கியதால் இதை நீதான் வாசித்துக் காட்டுவாய். டோரதி சொன்னதை விழுங்கிவிடாதே.