வயல் வழியாகப் போன அப்பாவுக்கு

என் ஆசை அப்பா,

நம் கேஸ் ஜெயித்துவிட்டது. இதைத்தான் உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இத்தனை நாளாகச் சொல்லாமல் இருந்தேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்கிறேன், கேள்.

நீ செத்துப்போன அந்த ஐப்பசியில் உன்னை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக விடவில்லை. சுடுகாட்டுக்கு அந்தத் தெருதான் நேர்வழி. நம் ஆட்களின் பாடை மட்டும் முச்சந்தியில் திரும்பி வயல் வரப்பில் போக வேண்டும் என்பது ஊர் வைத்த ஏற்பாடு. பெண்கள் நாங்கள் முச்சந்தியோடு நின்றுவிடுவோம் இல்லையா, அதனால் நான் பார்க்கவில்லை. வரப்பு வழுக்கி, தூக்கியவர்கள் முட்டியளவு சேற்றில் இறங்கிவிட்டார்கள், நீ ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டாய் என்று தம்பிதான் வந்து சொன்னான். அரியலூர் லாரிகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றியே தேய்ந்த உடம்பு. அது கடைசியாக ஒரு நல்ல ரோட்டில் போகக் கூடாதா? எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தெருவுக்காகத்தான் கோர்ட்டில் கேஸ் போட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? பெரம்பலூர் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்த புதிதில், அரசியலமைப்புப் பாடத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். நீ வெற்றிலையை மென்றுகொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"அது என்னம்மா, போலீஸ்காரங்க சட்டமா?"

"இல்லப்பா. போலீசு, கலெக்டரு, மந்திரி எல்லாருக்கும் மேல உள்ளது. நாட்டை யாரு ஆளணும், எப்படி ஆளணும், எதுக்கு மேல போகக் கூடாதுன்னு அதுல இருக்கு. சட்டம் போடறவங்களும் அதை மீறிப் போட முடியாது."

"நமக்கு அதுல என்ன இருக்கு?"

"எல்லாரும் சமம்னு இருக்கு. தீண்டாமை கூடாதுன்னு இருக்கு. ஊரே ஒண்ணாக் கை தூக்கினாலும் ஒருத்தன்கிட்டேர்ந்து புடுங்க முடியாதது சிலது இருக்குப்பா. அதைக் காப்பாத்தத்தான் அது."

"அப்ப நம்மூரு தெருவுக்கும் அது வந்துருமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். அரியலூரில் நிற்காமல் போகிற ரயிலைப் பற்றிக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. வரும்ப்பா என்றேன்.

வந்தது அப்பா. தெரு எல்லோருக்கும் பொது, யாருடைய உடலையும் மறிக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. தாசில்தார் வந்து ஊரில் பேசினார். போன மாதம் பெரியப்பா காலமானார். அன்றைக்குப் போலீஸ் ஜீப் வந்து தெருமுனையில் நின்றது. ஒருத்தரும் மறிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், அவ்வளவுதான்.

முச்சந்தி வந்ததும் மேளம் நின்றது. பாடை தூக்கிய நம் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரும் சொல்லாமலே வயல் பக்கம் திரும்பினார்கள். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"தெரு தொறந்துதானடா கெடக்கு! எங்கடா போறீங்க?"

பெரியப்பா மகன் முருகேசன் தோளில் பாடையோடு நின்றபடி சொன்னான். "ஜீப்பு சாயங்காலம் போயிடும்க்கா. நீயும் பெரம்பலூர் பஸ் ஏறிடுவ. நாளைக்கு அவங்க காட்டுக்குத்தானே நாங்க வேலைக்குப் போவணும்? வழி வுடு."

வழி விட்டேன். வேறு என்ன செய்ய? எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அதே பாடம். அரசியலமைப்பின் நோக்கங்கள் என்று பலகையில் எழுதினேன். அதிகாரத்துக்கு எல்லை போடுவது, உரிமைகளைக் காப்பது, எளியவருக்கும் நீதி கிடைக்கச் செய்வது. ஒரு சொல்லும் தப்பில்லை அப்பா, எல்லாம் சரியாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் கூலிக்குப் போக வேண்டியவனின் பயத்துக்கு யார் என்ன எழுதுவது? பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். நேற்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டேவிட்டேன், "உன்னையாவது தெரு வழியா கொண்டு போகட்டுமாம்மா?"

"வேணாம்டி. ஒங்கப்பா போன வழியிலயே போறேன். அந்த மனுசன் சேத்துல தனியாத்தானே போனாரு."

இதற்கு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவேன்?

மாறும் என்று இனி உன்னிடம் சொல்ல மாட்டேன். எனக்கே நம்பிக்கை இல்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அம்மா அவள் ஆசைப்படியே வயல் வழியாகப் போகட்டும். நான் முச்சந்தியில் நின்றுவிட மாட்டேன். அந்தத் தெருவின் நடுவில் தனியாக நடந்து வந்து, சுடுகாட்டில் அவளுக்காகக் காத்திருப்பேன். நேர்வழி அல்லவா, நான்தான் முதலில் வந்து சேருவேன்.

அன்றைக்கு வரும்ப்பா என்று சொன்ன
உன் மூத்த மகள்,
தமிழரசி