வளராமல் இருக்க ஒரு மாத்திரை

அன்புள்ள அக்கா,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஜிம்னாஸ்டிக்ஸில் உன் இடத்தில் இப்போது நான். கோச் வாராவாரம் என் உயரத்தை அளந்துவிட்டு, நான் எதையோ திருடியதுபோல முறைக்கிறார். போன வாரம் அம்மாவிடம் லேபிள் கிழித்த ஒரு டப்பாவைக் கொடுத்தார்.

"ஆளு வளர்ந்தா ஆட்டம் போச்சும்மா. சத்து மாத்திரைதான். பெரியவளும் இதைத்தானே சாப்பிட்டா? பதக்கமா குவிக்கலையா?"

அம்மா பல்லைக் காட்டினாள். உனக்குப் பதினெட்டு வயதாகியும் மாதவிலக்கு வராமல் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தது அவளுக்கு மறந்துவிட்டது போலும். உன் பதக்கங்களுக்குத் தூசி தட்ட மட்டும் மறப்பதில்லை.

பள்ளியில் எலிக்குட்டிகளைப் பற்றிப் படித்தோம். நம்மைப் போலவே அவற்றுக்கும் மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. குட்டி பிறந்த பிறகும் அதன் செல்கள் பெருகி, மாறி, உடம்பை வளர்க்கவும் பருவத்துக்குக் கொண்டுவரவும் மெல்லத் தயாராகுமாம். அந்த வேலையில்தான் விசில் ஊதுவதைத் தவிர எதுவும் தெரியாத மனிதர் கை வைக்கிறார். நடுவில் தடுத்தால் என்ன ஆகும் என்று டீச்சரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது. உட்காரு."

அறிவுக்கடல்.

இதுவரை மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கித் துப்பிவிட்டேன். அடுத்த வாரம் பயிற்சி முகாம். அங்கே கோச்சே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். பயமாக இருக்கிறது.

வீட்டை விட்டுப் போனதிலிருந்து நீ யாரோடும் பேசுவதில்லை என்று தெரியும். எனக்கு மட்டும் சொல். மாத்திரையை நிறுத்திய பிறகு உனக்குச் சரியாகிவிட்டதா? ஆகவில்லையென்றால் பதில் எழுத வேண்டாம். முகாமுக்கு முன்னால் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

உன் தங்கை