செம்புத் தகட்டில் என் முதுகு

2025 ஜனவரி 18, சனி
பள்ளிக்கூடம் லீவு என்றால் டிராயிங் மாஸ்டருக்கு ஓய்வு. அவர் பெண்டாட்டிக்கு நிற்கும் வேலை. முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். செம்புத் தகட்டில் ஊசியால் என்னைக் கீறுகிறார். “செத்த நேரம் அசையாத ஜெசி.” அதற்குள் அடுப்பில் வெஞ்சனம் அடிப்பிடித்துவிட்டது. போகட்டும். கண்காட்சியில் ‘இது என் வீட்டுக்காரி’ என்று எல்லாரிடமும் சொல்வாராம்.

பிப்ரவரி 9
கால் வீங்கிவிட்டது. தோள் இன்னும் சரியாக வரவில்லையாம்.

மார்ச் 2
தகட்டில் மை பூசி முதல் படத்தை அச்செடுத்தார். வெறும் பொட்டல், நடுவில் ஒருத்தி. வீடு, மரம் ஒன்றும் இல்லை. “தனியா நின்னாத்தான் படம்” என்றார். என் தோளேதான், இடப்பக்கம் இறங்கினது அச்சில் வலப்பக்கம் மாறியிருக்கிறது. சந்தோஷத்தில் அழுதேன்.

ஏப்ரல் 12
சென்னையில் பரிசு கொடுத்தார்கள். மேடையில் கேட்டார்கள், இந்தப் பெண் யார் என்று. முன்வரிசையில் நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். இவர் சொல்கிறார்: “குஜிலியம்பாறை பக்கம் பாத்த ஒரு பொம்பள. பேருகூடத் தெரியாது.” ஒரே கைதட்டல்.
பேரு தெரியாதாம்! பதினாறு வருஷமா யாரு சோறு போட்டா?
திண்டுக்கல் பஸ்ஸில் கேட்டேன். “வீட்டுக்காரின்னு சொன்னா படத்துக்கு மதிப்பு போயிரும். உனக்குப் புரியாது.”
புரிந்தது.

ஏப்ரல் 13
குருத்து ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை.

மே 4
பதினைந்து பிரதி எடுத்தாயிற்று. இனி யாரும் அச்செடுக்காதபடி தகட்டைக் கெடுத்துவிடுவது வழக்கமாம். தலையிலிருந்து கால்வரை ஒரு கீறல், குறுக்கே இன்னொன்று. நான் முகம் சுளித்ததைப் பார்த்துச் சிரித்தார். “உனக்கா வலிக்குது?”
ஆமாம். எனக்குத்தான்.

ஜூன் 15
டெல்லியிலிருந்து கேட்கிறார்களாம். இதே பெண், இன்னும் ஆறு படம். “வந்து நில்லு ஜெசி.”
மாட்டேன் என்றேன்.
விளையாட்டு என்று நினைத்தார். சாயங்காலம் மறுபடி கெஞ்சினார். “யாரு நின்னாலும் இந்தத் தோள் வராதும்மா.” அதை மேடையில் சொல்லியிருக்கலாமே?

ஜூன் 22
பக்கத்து வீட்டு நாகஜோதியைக் கேட்டிருக்கிறார். “அக்காவே நிக்க மாட்டேங்குறாங்க, நான் எப்படி சார் நிப்பேன்?” என்றாளாம். நல்ல பிள்ளை.

ஜூன் 29
முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்துத் தன் முதுகைத் தானே வரைகிறார். கழுத்து சுளுக்கிக்கொண்டது. “முதுகுல தைலம் தேச்சுவிடு ஜெசி” என்றார். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போனேன்.