பதினொரு ஜெப விண்ணப்பங்கள்

ஜூன் 8, ஞாயிறு
காலையிலிருந்து மழை. ஆராதனை முடிந்து வந்து, சபை வலைத்தளத்தில் ஒரு ஜெப விண்ணப்பம் அனுப்பினேன் (அம்மா முழங்கால்). பெட்டியில் சீட்டுப் போட்டால் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றுதான் கமிட்டி இந்த ஏற்பாட்டைச் செய்தது. அனுப்பியதும் வலைப்பக்க முகவரியின் கடைசியில் 412 என்று ஓர் எண். சும்மா 411 என்று மாற்றினேன். வேறொருவரின் விண்ணப்பம் வந்து நின்றது, போன் நம்பரோடு. பூட்டே இல்லை. கம்ப்யூட்டர் வாத்தியார் கை சும்மா இருக்குமா?

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். 401 வரை போனேன்.

401-ல் இருந்த போன் நம்பர் என் மனைவி ஷீபாவுடையது. "நர்ஸ் வேலைக்குக் குவைத் போக, கணவருக்குத் தெரியாமல் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது. வழி திறக்க ஜெபியுங்கள்."

கல்யாணமாகிப் பதினாலு வருஷம்.

உடனே சபைச் செயலருக்குப் போன் செய்து, வலைத்தளத்தில் இருக்கும் ஓட்டையைச் சொன்னேன். ஷீபாவிடம், மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்
கமிட்டி கூட்டம். செயலர், எல்லார் முன்னிலும்: "ஏண்டே, ஹேக் பண்ணதும் நீ, சொல்லித் தாறதும் நீயா?"

விளக்கினேன். ஹேக்கர் என்றால் திருடன் இல்லை. ஒன்று எப்படி ஓடுகிறது என்று நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாதவன். நல்லவனாயிருந்தால், ஓட்டையைக் கண்டதும் உடையவனிடம் சொல்வான். நான் சொன்னேனே.

"அடுத்தவன் வீட்டு ஜன்னல் தெறந்து கெடந்தா எட்டிப் பாப்பியா?" என்றார் செயலர்.

எத்தனை வாசித்தாய் என்றார்கள். ஒன்று என்றேன். போலீஸில் புகார் கொடுத்தால் என் பள்ளி வேலை போகும்.

ஜூன் 12, வியாழன்
மழை விடவில்லை. தூக்கமும் இல்லை. வாங்க வேண்டியது: பால், அம்மாவுக்குத் தைலம். களியக்காவிளை பஸ்ஸில் பின்சீட்டுப் பெண்கள்: "ஏட்டி, ஜெபத்தக்கூட களவாண்டுட்டானாம்." அவர்களுக்கு என்னைத் தெரியாது.

பீரோவில் ஷீபாவின் பாஸ்போர்ட் இடம் மாறியிருக்கிறது. கேட்கலாம். எப்படித் தெரியும் என்பாள். போகாதே என்று சொல்ல எந்த முகத்தோடு? கர்த்தாவே, யாரிடம் போய் அழ?

ஜூன் 14, சனி
போதகர் வந்தார். "நாளைக்கு ஆராதனையில எந்திச்சு, சோதிக்க ஒண்ணே ஒண்ணுதான் பாத்தேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லும். கமிட்டிக்காரங்க போலீஸுக்குப் போவமாட்டாவ." காப்பி கொண்டுவந்த ஷீபா கேட்டுக்கொண்டே நின்றாள்.

ஜூன் 15, ஞாயிறு
ஆராதனையில் எழுந்து நின்றேன். பதினொன்று வாசித்தேன், 401-லிருந்து 411 வரை என்றேன். இந்தப் பொய்யோடு இன்னொரு நாள் முடியாது. பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. கேஸ் கொடுக்கத்தான் வேண்டும் என்றார் செயலர். ஷீபா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன்னுடையதையும் வாசித்தேன், மன்னித்துவிடு என்றேன். 401 என்னுடையதுதானே, தெரியும் என்றாள். பிறகு, மடிப்பதை நிறுத்தாமல்:

"சபைக்க ஓட்டைய ஒடனே போன் செஞ்சு சொன்னீங்க. நான் மூச்சு முட்டிக் கெடக்கேன்னு ஒங்களுக்கு ஒரு வாரமா தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"