முதலில் கேட்ட கேள்வி

காலையில் கடையைத் திறந்து துணிக்கட்டுகளைத் தட்டி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ரொட்டி கருகும் வாசனை. கூடவே அங்கே வானொலியில் செய்தி. கோதுமை மா பழைய விலைக்கே வந்துவிட்டதாம், மக்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார்களாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீ இருந்திருந்தால் அந்த வானொலியோடேயே மல்லுக்கு நின்றிருப்பாய். நீ இல்லாததால் நான் போய், "அதைக் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்று கத்தினேன். பாவம், ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்ற மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இதே செய்தியை ஒருமுறை நானும் சொல்லப்போய், "யாருடீ திரும்பினாங்க?" என்று நீ என்னிடம் பாய்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில், பண்டாரவளைச் சந்தையில். நான் உயர்தரப் பரீட்சையில் கணிதத்தில் கோட்டை விட்டு, பதுளையில் அப்பாவின் புடைவைக் கடையில் உட்கார்ந்துவிட்டவள். நீ தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்து அதே வகுப்பில் என் பக்கத்தில் இருந்து படித்து, பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் செய்யப் போனவள். விடுமுறையில் வந்திருந்தாய். ஒரு பூசணிக்காயை எடுத்து, காம்புக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்தாய். குச்சியைத் திருப்பாமலே இடுப்புவரை இறக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, மறுபடியும் காம்புக்கே ஏற்றினாய். புறப்பட்ட இடத்துக்கு வந்த குச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"வளைஞ்ச பரப்புல சுத்தி வந்தா இப்படித்தான். விலையும் சுத்தித்தான் வருது. மா விலை ஏறி, இறங்கி, பழைய இடத்துக்கே வந்திருச்சு. அதுக்குள்ள எங்கம்மா தோடு அடகுல மூழ்கிப் போச்சே, அது வந்துச்சா?"

"காயை வாங்குறீங்களா, விளையாடுறீங்களா?" என்றார் வியாபாரி. வாங்கினோம். உன் வளைபரப்புக் கேத்திரகணிதத்தை எங்கள் வீட்டில் சாம்பார் வைத்துச் சாப்பிட்டோம்.

அந்த விடுமுறையிலேயே ஓர் ஆய்வுக்காகத் தோட்டங்களில் கேள்வி கேட்கும் வேலை உனக்குக் கிடைத்தது. துணைக்கு நானும் வந்தேன். எல்ல ஊருக்கு மேலே ஒரு லயத்தில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் ஆரம்பித்தாய்.

"சம்பளத்துல குடும்பம் ஓடுதாக்கா?"

"ஓடுதும்மா. குறை சொல்ல என்ன இருக்கு?"

"பிள்ளைகளுக்குப் பால்மா வாங்குறீங்களா?"

"எங்கிட்டு வாங்குறது? பாலில்லாத வெறும் சாயத்தண்ணிதான்."

அடுத்த வீட்டில் காற்றில் கேள்வித் தாள்கள் இடம் மாறிப்போக, நீ பால்மாவை முதலில் கேட்டாய். பிறகு சம்பளத்தைக் கேட்டதும் அந்த அக்கா சீறினார்: "என்னத்தம்மா ஓடுது! பார்த்தாத் தெரியலையா?" அதற்குப் பிறகு வேண்டுமென்றே ஒரு வீட்டில் இப்படியும் அடுத்த வீட்டில் அப்படியும் கேட்டுக்கொண்டே போனாய். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அதே கதைதான். வாசலுக்கு வந்தவரிடம் எடுத்த எடுப்பில் குறை சொல்வது தோட்டத்தில் மரியாதையில்லை.

"அப்போ முதல் வீட்டு அக்கா பொய் சொல்லிட்டாங்க" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் இல்லடீ. பதில் உள்ளுக்குள்ள தயாரா உட்கார்ந்திருக்கல. நாம கேக்குறப்பதான் அது உருவாகுது. அணுவுக்குள்ளயும் இதேதான். முதல்ல எதை அளக்குறோமோ அது அடுத்ததை மாத்திரும்." அணுவுக்குப் போடும் குவாண்டம் கணக்கை ஏழை வீட்டுப் பொருளாதாரத்துக்கும் போடலாம் என்று அன்றைக்கு மலையிறங்கும்போதே முடிவு செய்துவிட்டாய். அதற்கு உனக்குத் தேவைப்பட்டது மேற்படிப்புக்கு ஓர் இடம், அவ்வளவுதான்.

பட்டம் முடித்தபின், அந்த இடத்துக்கான நேர்முகப் பரீட்சை முடிந்து ரயிலால் இறங்கி நேரே கடைக்கு வந்தாய். கேள்வி கேட்ட மூவரில் பௌதிகவியல்காரர் இது பொருளாதாரம் என்றாராம். பொருளாதாரக்காரர் இது பௌதிகம் என்றாராம். உன்னைப் பந்தாக்கி இருவரும் விளையாடியிருக்கிறார்கள். மூன்றாமவர்தான் மகா பண்டிதர். படிப்பறிவில்லாத சனங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லும், அதற்கெல்லாம் கணிதம் தேடுவது வீண் வேலை என்றாராம். "படிச்சவங்க வாயை யாராவது அளந்து பார்த்திருக்காங்களா?" என்று கொதித்தேன்.

"அளந்துட்டேன்டீ" என்றாய். "எனக்கு முன்னாடி போன பையன்கிட்ட எடுத்ததுமே கணக்கைத்தான் கேட்டிருக்காங்க. என்கிட்ட, எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலைன்னு கேட்டுட்டு, அப்புறம்தான் கணக்குக்கு வந்தாங்க. வரிசை மாறிருச்சு. விடையும் மாறிருச்சு."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடம் இல்லை என்று பிறகு கடிதம் வந்தது. நீ தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கப் போனாய். சில வருடங்களில், காய்ச்சல் என்று படுத்தவள் எழும்பவேயில்லை.

உன் சாவுக்கு மாலையோடு வந்தவர்களில் பதுளையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒருவரும் இருந்தார். உன் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "கெட்டிக்காரப் பிள்ளைன்னாங்க. எந்தத் தோட்டம்? அப்பா என்ன செய்யிறவர்?"

எனக்கு எங்கிருந்துதான் உன் கோபம் வந்ததோ, செத்த வீடென்றும் பார்க்கவில்லை. "முதல்ல அவ என்ன கணக்குப் போட்டான்னு கேளுங்க ஐயா. மத்ததை அப்புறம் சொல்றேன்" என்றேன். அவர் முகம் சுருங்கி, மாலையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உன் சமன்பாடு ஒன்றுகூட எனக்கு விளங்கியதில்லை. அந்தக் கோபம் மட்டும் எனக்குப் பத்திரமாக இருக்கிறது. அந்த மனிதர் தீபாவளிக்குத் தீபாவளி குடும்பத்தோடு நம் கடைக்கு வருகிறார். மரியாதையாகத்தான் துணி எடுத்துக் காட்டுகிறேன். காசைக் கொடுக்கும்போது, "அன்னைக்குக் கேட்டேனே, அந்தப் பிள்ளை எந்தத் தோட்டம்?" என்கிறார். நான் மீதிக் காசை எண்ணிக் கையில் வைக்கிறேன். முதல் கேள்வியை அவர் இன்னும் கேட்கவில்லை.