பிப்ரவரி முப்பத்தொன்று

ஜனவரி 19
மாதம் ஒருமுறை ஊசி போட வேண்டிய நோயாளிகளுக்கு, அடுத்த தேதியைக் கணக்கிட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலை, என் குழுவில் வேலை பார்க்கும் மச்சினன் முடித்துவிட்டான். "மாசக் கடைசி எல்லாம் பாத்துட்டேன் மாமா, கண்ண மூடிட்டு ஓகே குடுங்க" என்றான். கண்ணை மூடிக்கொண்டேதான் கொடுத்தேன். மகளின் பள்ளியில் நாடகம், நேரமாகிவிட்டது. அதில் அவள் மரமாக நின்றாள். நன்றாகவே நின்றாள்.

ஜனவரி 22
வண்டி பஞ்சர். வேறொன்றுமில்லை.

மார்ச் 3
மருத்துவமனையிலிருந்து போன். ஜனவரி 31 அன்று ஊசி போட்டுக்கொண்ட பதினொரு பேரை நம் நிரல் இன்றுதான் வரச் சொல்லியிருக்கிறது. பிப்ரவரி கடைசியிலேயே வந்திருக்க வேண்டியவர்கள். அவர்களில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் நேற்று மயங்கி விழுந்து வார்டில் கிடக்கிறார்.

மார்ச் 4
மச்சினன் எழுதிய நிரலைக் காலையில் திறந்து பார்த்தேன். முதல் தடவையாக.
மாதத்தில் ஒன்றைக் கூட்டி, தேதியை அப்படியே வைத்திருக்கிறான். அதாவது பிப்ரவரி 31. இல்லாத நாளைக் கேட்டால் இந்த நிரல்மொழி பிழை என்று கத்த வேண்டாமா? கத்தவில்லை. மிச்சமிருந்த மூன்று நாளைத் தள்ளி, மார்ச் 3 என்று எடுத்துக் கொடுத்துவிட்டுக் கமுக்கமாக இருந்துவிட்டது.
"தப்புன்னா எரர் காட்டும்னு நெனச்சேன் மாமா."
"அப்ப பாத்துட்டேன்னு சொன்னது?"
அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாளை நடக்கும் விசாரணைக் கூட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே உண்மையைச் சொல்லிவிடலாம், படிக்காமல் ஒப்புதல் கொடுத்தது என் தப்பு என்றேன். சரி என்றான்.

மார்ச் 5
நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசிவிட்டான். "மாசக் கடைசிய அப்புறம் பாத்துக்கலாம், இப்ப அனுப்புன்னு சார்தான் சொன்னாரு."
சார்! இத்தனை வருஷமாக மாமா, இன்றைக்கு சார்.
நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். மேலாளர் திரையைக் காட்டினார். ஒப்புதல் என் பெயரில்தான் இருக்கிறது. அதற்கு மேல் நான் பேசியதெல்லாம் எனக்கே சப்பைக்கட்டாகத்தான் கேட்டது.
டேய், உன்னை இங்க கூட்டிட்டு வந்து உக்கார வச்சதே நான்தானடா. எப்படிடா மனசு வந்துச்சு?

மார்ச் 6
நேற்று முழுக்க அடக்கி வைத்திருந்ததை இன்று மனைவியிடம் கொட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்தும் அவள் முகத்தில் அதிர்ச்சி என்று ஒன்றும் இல்லை.
"அவனுக்கு இன்னும் பர்மனென்ட் ஆகல. உங்களுக்குப் பதினாலு வருஷ சர்வீஸ், உங்கள என்ன செஞ்சிடுவாங்க?"
"உனக்கு முன்னாடியே தெரியுமா?"
"முந்தாநாள் சாயங்காலம் போன்ல சொல்லி அழுதான். நான் என்னங்க பண்ணட்டும்? தம்பிங்க."
அப்படியென்றால் நேற்றுக் காலை எனக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தபோதே தெரியும். "நல்லபடியா பேசிட்டு வாங்க" என்று வாசல் வரை வந்தாளே, அப்போதும் தெரியும். அவன் செய்தது வலிக்கிறது. இது தாங்க முடியவில்லை.

மார்ச் 9
டீச்சரைப் போய்ப் பார்த்தேன். தேறிவிட்டார். நான் யாரென்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மெசேஜ்ல வந்த தேதியத்தானேப்பா நம்பினேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 12
என்னைக் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி மற்றவர்கள் எழுதியதைச் சோதிக்கும் வேலை. அவனுக்கு வேலை நிரந்தரம்.

மார்ச் 29
மச்சினன் போன் செய்தான். "மாமா, இன்னும் கோவமா?" இல்லப்பா என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறானாம். வரட்டும்.
அவன் எழுதுவது இப்போது என் மேஜைக்குத்தான் சோதனைக்கு வருகிறது. ஒரு வரி விடாமல் படிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. "இன்னைக்கு ஆபீஸ்ல எப்படிப் போச்சு?" என்று மனைவி கேட்டால், ஏன் கேட்கிறாள் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.