மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம்

வாயாடிக்கு,

மூன்று மணிக்கு ஆன்லைன் நேர்காணல் தொடங்குமுன் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிடு. ஊரார் ஃப்ரிட்ஜை எல்லாம் ரிப்பேர் செய்கிறவன் வீட்டில் இது மட்டும் உறுமிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தில் நீ பேசுவது பல்கலைக்கழகத்துக்காரர்களுக்குக் கேட்காது. முடிந்ததும் மறக்காமல் மாட்டிவிடு, பால் திரிந்துவிடும். காலிங் பெல் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். நாயைப் பட்டறைக்குக் கூட்டிப்போகிறேன். வெறும் வயிற்றோடு பேச உட்காராதே.

"அவ்வளவு தூரம்லாம் அனுப்ப முடியாது"ன்னு நேற்று சொன்னேனே, அதில் மாற்றம் இல்லை.

அப்பா

பி.கு: வீட்டில் சம்மதமா என்று அவர்கள் கேட்டால் முழிக்காதே. "அப்பா சரின்னுட்டாரு"ன்னு பட்டென்று சொல்லிவிடு. சாயங்காலம் நான் வந்ததும் என்னிடமும் ஒருதடவை அப்படியே சொல். எனக்கும் பழக வேண்டும்.